குறித்த நாள்

அப்பா இறந்த அன்று காலை பத்து மணிக்குள் ஏழெட்டுப் பேராவது என்னிடம் அதைச் சொல்லியிருப்பார்கள். "கர்த்தர் குறிச்ச நாள் தம்பி. நம்ம கையில என்ன இருக்கு?" பெரம்பூர் வீட்டின் முன்கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியிருந்தது. தெருவில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார்கள், பிறகு உள்ளே அம்மாவிடம் போய் அழுதார்கள். அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள், சபை மூப்பர்கள், ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்த அக்கா. யாரும் ஒப்புக்குச் சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னார்கள். எனக்குத்தான் மூன்றாவது ஆள் சொல்லும்போதே நெஞ்சை அடைத்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பாட்டி வந்தார். அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவர். "அவர் தலையில எழுதினது அவ்வளவுதாம்பா" என்று சொல்லி என் தலையைத் தடவினார். இரண்டு பேச்சும் அன்று முழுக்க எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. கர்த்தர் குறித்த நாள், தலையெழுத்து. எழுதுகிற கை மட்டும்தான் வேறா, எழுத்து ஒன்றுதானா?

எங்கள் வீட்டில் விதி என்ற சொல் புழங்கியதே இல்லை. பரீட்சையில் மதிப்பெண் குறைந்தபோது "என் விதி" என்று ஒருமுறை சொன்னதற்கு அப்பா என்னை உட்காரவைத்துப் பேசினார். விதியோடு பேச முடியாது, அதனிடம் கேட்க முடியாது, அது நம்மைப் பார்த்துக்கொண்டும் இல்லை. நமக்கு இருப்பது ஒரு தகப்பன், தகப்பனிடம் எதையும் கேட்கலாம் என்றார். அந்த மனிதரையே பெட்டிக்குள் கிடத்திவிட்டு, எல்லாம் முன்னமே எழுதி முடித்தாயிற்று, கேட்க ஒன்றும் இல்லை என்று எனக்குச் சொன்னால் எப்படி ஏற்றுக்கொள்வது?

கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் தாத்தாவின் குழியையே திறந்து அப்பாவை அடக்கம் செய்தோம். அதற்கு முன் கோயிலில் நடந்த ஆராதனையில் ஆயர் 139-ம் சங்கீதத்தை எடுத்துப் பேசினார். நாம் பிறப்பதற்கு முன்பே நம் நாட்கள் எல்லாம் ஆண்டவருடைய புஸ்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்று நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வாக்குத்தத்த அட்டை

இதில் இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்துவைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும், அதில் வரும் வசனம் அந்த வருடத்துக்கு. நம் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த நிமிடத்தின் படபடப்பு தெரியும். அந்த வருடம் அப்பாவுக்கு 91-ம் சங்கீதத்தின் கடைசி வசனம் வந்தது. "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." அப்பா வாசலில் நின்று எல்லோரிடமும் காட்டினார். 67 வயதில் அது சந்தோஷம்தானே. அட்டையை மொபைல் கவருக்குள் செருகி வைத்துக்கொண்டார். ஆறு வாரம் கழித்து, பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, போய்விட்டார்.

போன் இப்போது என்னிடம் இருக்கிறது, அட்டையும் அதே இடத்தில் இருக்கிறது. அந்த அட்டை அப்பா கையில் வந்தது ஆண்டவரின் ஏற்பாடு என்றால், பிப்ரவரி யாருடைய ஏற்பாடு? இரண்டுமே அவருடையது என்றால் அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம்? அட்டை தற்செயல்தான், அச்சகத்தில் அடுக்கியபடி வந்தது என்றால், மரணத்துக்கு மட்டும் ஏன் 'குறித்த நாள்' என்கிறோம்? 67 வயது நீடித்த நாட்கள்தானே என்று ஒரு சித்தப்பா சமாதானம் சொன்னார். அவரிடம் நான் எதுவும் பேசவில்லை.

இது எனக்குப் புதிதாக வந்த சந்தேகமும் இல்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கடல் ஏறியபோது நான் பள்ளிப் பையன். அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். அன்று காலை குடும்பத்தோடு பீச்சுக்குக் கிளம்பியிருக்கிறார்கள், ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையாம். கர்த்தர் தடுத்து ஆட்கொண்டார் என்று கண்ணீரோடு சொன்னார். சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது, நானும் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் கேட்டேன், மத்தவங்க ஸ்கூட்டரை எல்லாம் யாருப்பா ஸ்டார்ட் பண்ணிவிட்டது? அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி இயேசு பேசியதைச் சொன்னார். அவர்கள் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டார், இல்லை என்று அவரே சொன்னார். "ஏன் விழுந்ததுன்னு மட்டும் அவர் சொல்லலப்பா" என்றார் அப்பா. வேறு எதுவும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

பென்சில் கோடும் மைக்கோடும்

அப்பா செக்‌ஷன் கன்ட்ரோலர். சென்ட்ரல் பக்கத்திலுள்ள கோட்ட அலுவலகத்தில் அரக்கோணம் – ஜோலார்ப்பேட்டை பகுதியைப் பல வருடம் பார்த்தார். சின்ன வயதில் அவர் வேலையை எனக்கு விளக்கியது ஒரு பெரிய தாளை வைத்து. மேலிருந்து கீழாக ஸ்டேஷன் பெயர்கள், இடமிருந்து வலமாக மணி. ஒவ்வொரு ரயிலும் அதில் ஒரு சாய்ந்த கோடு. வேகமான வண்டி என்றால் கோடு செங்குத்தாக இறங்கும், நின்றுவிட்ட வண்டி படுத்துக்கிடக்கும். இனி வரப்போகிற நேரத்துக்கு முன்கூட்டியே பென்சிலில் கோடு போட்டு வைப்பார். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் நேரம் சொல்லச் சொல்ல அதன்மேல் மையில் ஏறும். வாலாஜா ரோடில் கூட்ஸை லூப்பில் போட்டு எக்ஸ்பிரஸை முந்தவிடலாம் என்று பென்சிலில் இருக்கும். கூட்ஸ் இன்ஜின் சோளிங்கரிலேயே மக்கர் செய்தால் பென்சில் கோடு அழியும், வேறு கோடு வரும்.

அப்பா போனபிறகு இறையியல் புத்தகங்களைத் தேடித்தேடிப் படித்தபோது, எதைப் படித்தாலும் இந்தத் தாள்தான் எனக்கு முன்னால் வந்து நின்றது. ஆறாம் நூற்றாண்டில் ரோமத் தத்துவஞானி போயத்தியஸ், மரண தண்டனைக்காகச் சிறையில் காத்திருந்தபோது, தேவன் முன்னறிவதைப் பற்றியும் எழுதினார். தேவனுக்கு நேற்று, இன்று, நாளை என்பது கிடையாது. முழுக் காலமும் ஒரே பார்வையில் அவர் முன்னால் இருக்கிறது, ஆகவே அவர் 'முன்னால்' அறிகிறார் என்று சொல்வதே சரியில்லை, அவர் பார்க்கிறார், அவ்வளவுதான் என்பது அவர் வாதம். பின்னால் வந்த தாமஸ் அக்வினாஸ் இதையே எளிமையாக்கினார். சாலையில் நடப்பவனுக்குத் தனக்குப் பின்னால் வருகிறவன் தெரியமாட்டான், மலைமேல் நிற்கிறவனுக்கு மொத்தச் சாலையும் தெரியும். அப்பா பாஷையில் சொன்னால், தேவன் பார்ப்பது 24 மணி நேரமும் மையில் முடிந்துபோன தாளை. அதைப் பார்ப்பதால் எந்த ரயிலும் நிற்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை. இவர்களுக்கு முன்பே சபைப் பிதா அகஸ்டினும் இதைத்தான் இன்னொரு விதமாகச் சொன்னார்: நடந்ததை நாம் நினைவில் வைத்திருப்பது அதை நடக்கவைக்கவில்லை, அதுபோலத் தேவன் முன்னறிவது நடக்கப்போவதைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதைப் படித்த அன்று எனக்கு மூச்சு விட முடிந்தது. கொஞ்ச நாள்தான். அடுத்து 16-ம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் வந்தார். தேவன் எதிர்காலத்தை அறிந்திருப்பதே அதை அவர் தீர்மானித்திருப்பதால்தான் என்கிறார் அவர். தாளைப் பார்ப்பவரும் அவர், கோடு போட்டவரும் அவர். சிலர் நித்திய ஜீவனுக்கும் சிலர் நித்திய அழிவுக்கும் முன்குறிக்கப்பட்டவர்கள் என்ற அந்தத் தீர்மானம் நடுங்கவைப்பது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, 1542-ல் பிறந்த சில நாளிலேயே அவர் மகன் இறந்துபோனது தெரியும்வரை. கர்த்தர் கொடுத்த காயம் கசப்பானது, ஆனால் அவரும் ஒரு தகப்பன், தம் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று அவருக்குத் தெரியும் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்து எழுதியதை வாதம் என்று எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதற்கு எதிராக, தேவனின் கிருபையை மனிதன் ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்றார் டச்சு இறையியலாளர் அர்மீனியஸ். அவர் போதனையை 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரத்தில் கூடிய சங்கம் மறுத்தது, அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து. வெஸ்லி 18-ம் நூற்றாண்டில் அர்மீனியஸ் பக்கம் நின்று அதே சண்டையைக் கால்வின் பக்கம் நின்ற தன் நெருங்கிய நண்பர் ஒயிட்ஃபீல்டோடு போட்டார். இதெல்லாம் எங்கேயோ ஐரோப்பாவில் நடந்தது என்று ஒதுக்க முடியாது. 1947 செப்டம்பர் 27-ம் தேதி, கதீட்ரல் ரோட்டில் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கால்வின் வழி வந்த பிரெஸ்பிடேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும், வெஸ்லி வழி வந்த மெதடிஸ்டுகளும், ஆங்கிலிக்கன்களும் ஒரே சபையாக உட்கார்ந்தார்கள். என் அம்மா வழித் தாத்தா வெஸ்லியன், அப்பா வழித் தாத்தா காங்கிரிகேஷனல். டார்ட் சங்கத்தில் எதிரெதிராக நின்றிருக்க வேண்டியவர்களின் பேரப்பிள்ளை நான். பெரம்பூரில் ஒரே பெஞ்சில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து 'கர்த்தருடைய சித்தம்' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே சொல்லை வேறு வேறு அர்த்தத்தில் சொல்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

என்னைக் கடைசியில் பிடித்து நிறுத்தியது 1 சாமுவேல் 23. தாவீது கேகிலா என்ற ஊரில் இருக்கிறான், சவுல் துரத்துகிறான். தாவீது கர்த்தரிடம் இரண்டு கேள்வி கேட்கிறான். சவுல் வருவானா? வருவான். ஊர்க்காரர்கள் என்னைப் பிடித்துக்கொடுப்பார்களா? கொடுப்பார்கள். தாவீதும் கூட இருந்த ஏறக்குறைய 600 பேரும் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சவுல் வரவில்லை, யாரும் யாரையும் பிடித்துக்கொடுக்கவில்லை. தேவன் சொன்ன இரண்டும் நடக்கவில்லை. ஆனால் தேவன் சொன்னது பொய்யும் இல்லை. தாவீது அங்கேயே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மோலினா இந்த மாதிரி அறிவுக்கு 'நடு அறிவு' என்று பெயர் வைத்தார். நடக்கக்கூடியவை அத்தனையும் ஒரு பக்கம், நடக்கப்போவது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவே, இன்ன சூழ்நிலையில் இன்னார் தன் இஷ்டத்தால் என்ன செய்திருப்பார் என்பது. கூட்ஸ் சோளிங்கரில் நிற்காமல் இருந்திருந்தால் எப்படி ஓடியிருக்கும் என்ற அழிந்த பென்சில் கோடுகூட அவருக்குத் தெரியும்.

கேகிலாவோடு யூதாவின் ராஜா எசேக்கியாவும் சேர்ந்துகொண்டார். ஏசாயா 38. பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர் என்று தீர்க்கதரிசி வந்து சொல்லிவிட்டார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார், 15 வருடம் கூடியது. யோனா போன நினிவேக்கு 40 நாள் கெடு வைக்கப்பட்டது, ஊர் மனந்திரும்பியது, கெடு போய்விட்டது. இதையெல்லாம் வைத்து, எதிர்காலத்தில் ஒரு பகுதி தேவனுக்கே திறந்துதான் இருக்கிறது என்று 1994-ல் ஐந்து பேர் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். அமெரிக்காவில் பெரிய சர்ச்சை ஆனது. அவ்வளவு தூரம் போக எனக்கு முடியவில்லை. என் நாவில் சொல் பிறவாததற்கு முன்னே அதை அறிந்திருக்கிறவர் என்றுதான் அதே 139-ம் சங்கீதம் சொல்கிறது. ஆனால் 'ஒரு நாள் கூடாது குறையாது' என்று எங்கள் ஆயர் சொன்னதை எசேக்கியாவிடம் சொல்ல முடியாது என்பது மட்டும் எனக்கு உறுதியானது. போதாததற்குச் சங்கீதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில், "என் அவயவங்களில் ஒன்றாகிலும் இல்லாதபோதே அவைகள் அனைத்தும், அவைகள் உருவேற்படும் நாட்களும், உமது புஸ்தகத்தில் எழுதியிருந்தது" என்று இருக்கிறது. எழுதியிருப்பது அவயவங்கள், அவை உருவாகும் நாட்கள். தாயின் வயிற்றைப் பற்றிய பேச்சு, கல்லறையைப் பற்றியது இல்லை. சாந்தோமில் இருக்கும் கத்தோலிக்க நண்பனின் திருவிவிலியத்தில், புதிய மொழிபெயர்ப்பு அது, அதே வசனம் வாழ்நாட்களைப் பற்றியதாக வருகிறது. எபிரெய வரி இரண்டுக்கும் இடம் தருகிறது போல. அதன்மேல் ஒரு மனிதனின் கடைசி நாளை ஏற்றிவைக்க வேண்டுமா?

அம்மா கேட்டது

எட்டு மாதம் இப்படிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி சாப்பாடு முடிந்து அம்மா அடுக்களையில் உட்கார்ந்து மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய் அப்பாவிடம் வந்தது. "அவர் நாள் அவ்வளவுதான்பா, கர்த்தர் குறிச்சது" என்றார் அம்மா. எனக்கு எட்டு மாதமாகச் சேர்ந்தது எல்லாம் வெளியே வந்தது. கேகிலா, எசேக்கியா, நினிவே, அவயவம், எல்லாவற்றையும் சொன்னேன். அப்படிக் குறித்து வைத்தவர் ஜெபம் பண்ணச் சொல்லியிருக்க மாட்டார் அம்மா, நடந்தது எல்லாம் அவர் சித்தம் என்றால் 'உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக' என்று தினமும் ஏன் கேட்கச் சொன்னார், இன்னும் செய்யப்படாதது இருப்பதால்தானே என்றேன். நன்றாகப் பேசினேன். இப்போது நினைத்தாலும் அந்தப் பேச்சில் தப்பு எதுவும் தெரியவில்லை.

அம்மா கீரையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்போ நான் அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அவர் இருந்திருப்பாரா?"

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அப்பா நெஞ்சைப் பிசைகிறது என்று சொல்லியிருக்கிறார். கேஸ்தான், பஜ்ஜி சாப்பிட்டது என்று அவரே சொன்னாராம். அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று படுத்தவர் நாலரை மணிக்கு எழுப்பும்போது எழவில்லை. இதை அம்மா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என்னிடமும் இல்லை. எட்டு மாதம் அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். 'குறித்த நாள்' என்ற ஒரு சொல்தான் அவருக்கும் அந்த ஓமத் தண்ணீர் டம்ளருக்கும் நடுவில் சுவராக நின்றிருக்கிறது. நான் வசனம் வசனமாக எடுத்து அந்தச் சுவரை இடித்துவிட்டேன்.

எனக்கு வாயடைத்துப்போனது. அம்மா எழுந்து கீரையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் விளக்கை அணைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஒரு டாக்டர் நண்பனுக்குப் போன் செய்து கேட்டேன். பதினோரு மணிக்கே போயிருந்தால் பிழைத்திருக்கலாம், போகும் வழியிலேயே கூட நடந்திருக்கலாம், சொல்ல முடியாதுடா என்றான். அவன் உண்மையைத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தின் கனமே எனக்குத் தெரிந்தது. முன்னே எனக்கு இது தேவனின் பெயரைக் காப்பாற்றும் வேலையாக இருந்தது. எல்லாவற்றையும் அவர் எழுதினார் என்றால் சுனாமியும் அவர் எழுத்தாகிவிடுமே என்ற கவலை. அம்மாவின் கேள்விக்குப் பிறகு மறுபக்கமும் தெரிந்தது. அவர் எழுதவில்லை, திறந்துவிட்டிருக்கிறார் என்றால், அந்த இடைவெளியில் ஒரு 62 வயது அம்மா நிற்கிறார், கையில் டம்ளரோடு. எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்கிற உபதேசத்தைக் காலங்காலமாக ஜனங்கள் பிடித்துக்கொண்டிருப்பது தேவனின் மகிமைக்காக மட்டும் இல்லை, தங்கள்மேல் விழும் பழியைத் தாங்க முடியாமலும்தான் என்று எனக்குத் தோன்றியது. அதை நான் லேசாக நினைத்திருக்கக் கூடாது.

அந்த நாட்களில் யோவான் 11-ஐத் திரும்பத் திரும்பப் படித்தேன். லாசரு செத்து நாலு நாள். மார்த்தாள் வந்து, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் என்கிறாள். மரியாளும் வந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். அம்மா கேட்டதும் இந்த மாதிரிதான், 'இருந்திருந்தால்'. இயேசு அவர்களிடம், இது குறித்த நாள் என்று சொல்லவில்லை. நீங்கள் சீக்கிரம் ஆள் அனுப்பியிருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அழுதார். என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்தவர், கொஞ்ச நேரத்தில் எழுப்பப்போகிறவர், அழுதார். நடக்கப்போவது தெரிந்திருந்தும் இப்போது நடப்பது அவருக்கு வலித்திருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தை எனக்கு வேண்டியபடி மட்டும் படிக்க முடியாது. செய்தி கேட்டும் அவர் இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கினார் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. தேவனுடைய மகிமைக்காக என்று அவரே சொல்கிறார். அந்த இரண்டு நாள் எனக்கு இன்றும் முள்ளாகத்தான் இருக்கிறது.

நினைவுகள்

நம் பிரசங்கங்களில் இப்போது அதிகம் கேட்பது 'திட்டம்'. கர்த்தர் உங்களுக்காக ஒரு திட்டம் வைத்திருக்கிறார். காலண்டர், ஸ்டிக்கர், வாட்ஸ்அப் வாழ்த்து எல்லாவற்றிலும் எரேமியா 29:11. ஆனால் நாம் மனப்பாடம் செய்த தமிழில் அந்த வசனத்தில் திட்டம் என்ற சொல் இல்லை. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நினைவுகள். புதிய மொழிபெயர்ப்புகள் திட்டம் என்று போடுவது தவறில்லை, எண்ணம், நோக்கம், திட்டம் என்று எல்லாவற்றையும் தாங்கும் எபிரெயச் சொல் அது. ஆனாலும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கைக்கு வந்த சொல் எனக்கு அதிகமாகத் திறக்கிறது. திட்டம் என்பதில் நான் ஒரு கட்டம், ஒரு தேதி. நினைவு என்றால் யாரோ என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதோடு அது தனி ஒருவனுக்குச் சொன்னதும் இல்லை. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று அனனியா என்பவன் எருசலேமில் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியா, இல்லை, 70 வருடம், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க முடியாது. அங்கேயேதான் செத்திருப்பார்கள், சமாதானத்துக்கேதுவான நினைவுகளுக்குள்ளேயே.

ரோமர் 8:29-ல் பவுல் இரண்டு தனிச் சொற்களைப் போடுகிறார், நம் வேதாகமமும் அவற்றைத் தனித்தனியாகவே வைத்திருக்கிறது: முன்னறிந்தார், முன்குறித்தார். எதற்கு முன்குறித்தார் என்றால், தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாயிருப்பதற்கு. எந்த நாளில் எந்த மணிக்குச் சாக என்று அங்கே இல்லை. நாம்தான் இரண்டையும் 'சித்தம்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். அவருக்குத் தெரியும் என்பதையும் அவர் செய்தார் என்பதையும் இழவு வீட்டில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இதை நான் ஆணித்தரமாகவே சொல்கிறேன்: முதலாவதை எந்த இழவு வீட்டிலும் சொல்லலாம், இரண்டாவதைச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

அம்மாவிடம் நான் பேசியது மூன்று வாரம் கழித்து. கீழ்ப்பாக்கத்தில் பூ வைத்துவிட்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். அன்னைக்குக் கேட்டீங்களே, என்று ஆரம்பித்தேன். அம்மாவுக்கு உடனே புரிந்தது. "எனக்குத் தெரியாதும்மா. டாக்டருக்கும் தெரியாது. கூட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஆண்டவருக்குத் தெரியும். நீங்க என்ன நினைச்சு அந்தத் தண்ணியை வெச்சுக் கொடுத்தீங்கன்னும் அவருக்குத் தெரியும்" என்றேன். ஆட்டோ ஓட்டேரி பாலத்தருகே நின்றது. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "தெரிஞ்சும் சும்மா இருந்தாரா?" என்று கேட்டார்.

இதற்கு அகஸ்டினிடமும் மோலினாவிடமும் தேடியிருக்கிறேன். வாதங்கள் இருக்கின்றன. அதில் எதையும் அந்த ஆட்டோவில் என்னால் சொல்ல முடியவில்லை. "அவரையே கேளுங்கம்மா" என்றேன்.

அன்று இரவு குடும்ப ஜெபத்தில் அம்மா கேட்டார். எட்டு மாதமாக அவர் ஜெபம் 'உமக்கு ஸ்தோத்திரம், உம் சித்தம்' என்று இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்று முக்கால் மணி நேரம். தெரிஞ்சும் ஏன் எழுப்பல, ஒரு கெட்ட கனவாவது கொடுத்து என்னை எழுப்பியிருக்கக் கூடாதா, அட்டையில அப்படி ஒரு வசனத்தை ஏன் கொடுத்தீர் என்று சண்டை போட்டார். அழுதார். கடைசியில் எப்போதும்போல என் வேலைக்கும் தங்கச்சி கல்யாணத்துக்கும் எதிர்வீட்டுப் பாட்டியின் முழங்கால் வலிக்கும் ஜெபித்துவிட்டு ஆமென் சொன்னார். தங்கச்சியும் நானும் அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

தங்கச்சிக்கு வருகிற மே மாதம் கல்யாணம். போன வாரம் பத்திரிகைக்கு புரூஃப் வந்தது. அச்சகத்தில் ஏற்கெனவே வைத்திருக்கும் மாதிரியையே போட்டிருந்தார்கள். மேலே சிலுவை, அதன் கீழே 'தேவ சித்தத்தின்படி' என்று தங்க எழுத்தில். நான் பெயர்களிலும் நேரத்திலும் பிழை பார்த்து முடித்துவிட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலேயே நின்றார். உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து தன்னுடைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்தார். மஞ்சள் பூத்துப்போன அட்டை, நீல மை. அதன் தலைப்பில் 'தேவனுக்குச் சித்தமானால்' என்று இருந்தது.

"நம்ம வீட்டுல எப்பவும் 'சித்தமானால்'னுதான் போடுவோம்" என்றார். "இப்படி மாத்தித் தரச் சொல்லு."

அச்சகத்துக்குப் போன் போட்டேன். ஒரு வரிதானே சார், சாயங்காலம் அனுப்பிடறேன் என்றார்.